ரீப்ளே வரும்வரை ரெஃபரியைத் திட்டக்கூடாது: தூத்தூர்ப் பக்கத்து மேட்ச் சாயாக்கடை

நித்திரவிளையிலிருந்து தூத்தூருக்கு இறங்கும் சாலையில், கடற்கரைக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் பைக்குகள் இரண்டு வரிசையாக நிற்பதுதான் அடையாளம். பகலில் வந்தால் சாதாரண சாயாக்கடைதான். கண்ணாடி அலமாரியில் ஏத்தம்பழ பஜ்ஜி, பருப்புவடை, ஓரத்தில் தொங்கும் மட்டிப்பழக் குலை. கால்பந்து மேட்ச் இருக்கும் ராத்திரிகளில் பின்பக்கத் தகர ஷெட்டில் டிவி ஓடும். இங்கே எழுதப்போவது அந்த ஷெட்டைப் பற்றி. சாயாவுக்கு ஒரே வரி போதும்: பால் நல்ல திக்கு, சீனி கேட்காமலே தூக்கலாகப் போடுவார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரைக்குமான கடற்கரை ஊர்களில் பந்து உதைக்காத தெரு கிடையாது. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர். ஆகவே பெஞ்சில் உங்கள் அருகே இருப்பவர் ஒரு காலத்தில் கல்லூரி டீமுக்கு ஸ்டாப்பராக ஆடியவராக இருக்கலாம். ஊர் டூர்னமென்ட்டில் விசில் ஊதுகிறவராகவும் இருக்கலாம். 'அது ஃபவுல்' என்று சொல்லிவிட்டு இங்கே தப்பிக்க முடியாது. எந்த விதிப்படி என்று கேட்பார்கள்.

சுவரில் மார்க்கரால் மூன்று கட்டளைகள் எழுதி ஒட்டியிருக்கிறது. ரீப்ளே வரும்வரை ரெஃபரியைப் பற்றிப் பேசக்கூடாது. பணம் கட்டிப் பேசக்கூடாது. போனைக் கவிழ்த்து வைக்கணும். மூன்றில் முதலாவதுதான் இந்தக் கடையின் மூலதனம். மற்ற இடங்களில் விசில் சத்தம் அடங்குவதற்குள் பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவார்கள், அப்புறம் யார் காதிலும் எதுவும் ஏறாது. இங்கே ஒரு முப்பது விநாடி அமைதி கிடைக்கிறது. அந்த முப்பது விநாடியில் ஆட்டத்தைப் பார்த்தவர்களும் பந்தை மட்டும் பார்த்தவர்களும் பிரிந்துவிடுகிறார்கள்.

ஸ்லோமோஷனை வைத்து மட்டும் தீர்ப்புச் சொன்னாலும் இங்கே செல்லாது. அதற்குக் காரணம் இருக்கிறது. வீடியோவைப் பார்த்து ரெஃபரிக்கு உதவும் விஏஆர் நடைமுறையிலேயே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கால் எங்கே பட்டது, கையில் பட்டதா, பெனால்டி பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு ஸ்லோமோஷன்; எவ்வளவு வேகமாக, எவ்வளவு முரட்டுத்தனமாக இடித்தான் என்பதற்கு நிஜ வேகம். மெதுவாக ஓட்டினால் எந்த டாக்கிளும் கொலை முயற்சி மாதிரித்தான் தெரியும். மூலையில் உட்காரும் பழைய ரெஃபரி ஒருவர் ஸ்லோமோஷன் ஓடும்போது வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்சம் நாடகம்தான். ஆனாலும் அவர் சொல்வது சரி.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட விதிப்புத்தகம் தொங்குகிறது. விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி தன் தளத்தில் இலவசமாகவே தருகிற 17 விதிகளின் அச்சுப்பிரதி. பாஸ் கிளம்பும்போது தாக்குகிறவன் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நிற்பதை, அதாவது ஆஃப்சைடைச் சொல்லும் 11ஆம் விதிப் பக்கத்திலும், ஃபவுல் பற்றிய 12ஆம் விதிப் பக்கத்திலும் எண்ணெய்க் கறை. மற்ற பக்கங்கள் புத்தம் புதுசு. குறை என்னவென்றால், பிரதி பழையது. 2024இல் வந்த மாற்றம் அதில் இல்லை: வேண்டுமென்று செய்யாத ஹேண்ட்பாலுக்குப் பெனால்டி கொடுத்தால், அது உறுதியான கோல் வாய்ப்பையே தடுத்திருந்தாலும் சிவப்பு இல்லை, மஞ்சள்தான். 2025இல் வந்ததும் இல்லை: கோலி பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், கடைசி ஐந்து விநாடியை ரெஃபரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். பழைய பிரதியில் ஆறு விநாடி, தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக். கோலி பந்தை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது புத்தகத்தை எடுத்துக் காட்டி ஒரு கூட்டம் 'ஃப்ரீ கிக்' என்று கத்துவதற்கு இந்தப் பிரதிதான் காரணம். அச்செடுக்க நூறு ரூபாய்க்குள்தான் ஆகும். கடைக்காரர் மனசு வைக்கலாம்.

விவாதம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு காட்சி. விங்கிலிருந்து உள்ளே வெட்டி வந்தவனைப் பெட்டிக்கு வெளியே டிஃபெண்டர் பிடித்து இழுக்கிறான். ரெஃபரி மஞ்சள் அட்டை காட்டுகிறார். ரீப்ளே முடிந்ததும் முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன்:

"அண்ணே, கடைசி ஆளுல்லா! ரெட்டு குடுக்காண்டாமா?"

பெரியவர் ஒருவர் உப்புக் குப்பியை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். "கடைசி ஆளுன்னு புஸ்தகத்துல எங்க மக்களே எழுதியிருக்கு?"

சிவப்பு கொடுக்க, தடுத்தது உறுதியான கோல் வாய்ப்பாக இருக்க வேண்டும். அது அப்படித்தானா என்று பார்க்க விதியில் உள்ள நான்கு கேள்விகளைத்தான் அவர் மேஜையில் அடுக்கிக் காட்டினார். ஃபவுல் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் எவ்வளவு தூரம்? ஆட்டம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? பந்து அவன் வசம் இருந்ததா, அல்லது வசப்பட்டிருக்குமா? மற்ற டிஃபெண்டர்கள் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள்? சாயா கிளாஸ் தாக்குகிறவன், உப்புக் குப்பி இழுத்தவன், பஜ்ஜித் தட்டின் விளிம்பு கோல் லைன். பந்துக்கு வைத்த சீனித் துணுக்கு தட்டின் மூலைப்பக்கம் இருந்தது.

"பந்து கார்னர் கொடிக்குல்லா போவுது. பிறவு எப்பிடி உறுதியான சான்ஸு?"

பையன் ஒரு நிமிடம் தட்டையே பார்த்துவிட்டு, இரண்டாவது டிஃபெண்டர் என்று வைத்திருந்த ஸ்பூனை ஒரு சாண் பின்னால் தள்ளினான். "இவரு இங்கதான நின்னாரு, அப்ப?" மறுபடி ரீப்ளே வந்தபோது மொத்த மேஜையும் ஸ்பூனைத்தான் தேடியது. ஸ்பூன் பையன் சொன்ன இடத்தில்தான் நின்றது. ஆனாலும் பந்து கொடிப்பக்கம் போனது போனதுதான், மஞ்சள் நின்றது. இந்த மாதிரிப் பேச்சு டிவி ஸ்டுடியோவில்கூட எப்போதாவதுதான் கிடைக்கும்.

ஆஃப்சைடு விஷயத்தில் கடை இவ்வளவு கறார் இல்லை. போனில் நிறுத்தி, திரையில் ஸ்கேலை வைத்துக் கோடு போடுகிறவர்கள் இங்கேயும் உண்டு. அது ஏன் வீண்வேலை என்பதற்குச் சின்னக் கணக்கு. ஒளிபரப்பில் விநாடிக்கு 50 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஓடும் விங்கர் விநாடிக்கு 9 மீட்டர் போகிறான். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 18 சென்டிமீட்டர். டிஃபெண்டர் எதிர்ப்பக்கம் ஓடினால் இடைவெளி இரட்டிப்பு. பாஸ் கொடுத்தவனின் காலை விட்டுப் பந்து எந்த ஃபிரேமில் கிளம்பியது என்பதே கண்ணுக்குச் சரியாகத் தெரியாதபோது, அரை அடிக்குக் கோடு போட்டு என்ன பயன்? 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் இருந்த சென்சார் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது இந்த ஒரு நொடியைப் பிடிக்கத்தான். இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு அரைத் தானியங்கி ஆஃப்சைடு 2025 ஏப்ரலில்தான் வந்தது.

'மெஷின் வந்த பிறகும் தப்பு' என்று கத்துகிறவர்களுக்குக் கடையில் ஒரு தயார் பதில் இருக்கிறது: 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் – லிவர்பூல். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலுக்குக் களத்தில் ஆஃப்சைடு கொடி. விஏஆர் அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள், ஆன்சைடு என்றே வந்தது. ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு 'செக் கம்ப்ளீட்' என்றார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது, தொடங்கியதை நிறுத்த விதி இடம் கொடுக்கவில்லை. கோடு தப்பவில்லை, பேச்சு தப்பியது. லிவர்பூல் ஒன்பது பேராகச் சுருங்கி, கடைசி நிமிட ஓன் கோலில் 2-1 என்று தோற்றது.

இன்னொரு பழைய காயம் ஐஎஸ்எல்லுக்கு உரியது. கேரள எல்லை கூப்பிடு தூரம். ஐஎஸ்எல் நாளில் மலையாள வர்ணனைதான் ஓடும், பாதிச் சட்டை கேரள பிளாஸ்டர்ஸின் மஞ்சள். 2023 மார்ச் 3 பெங்களூரு ஆட்டத்தை யாராவது எடுத்துவிட்டால் அன்றைய மேட்ச் அவ்வளவுதான். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்துக் கோலாக்கினார், பிளாஸ்டர்ஸ் கோச் வுக்கோமனோவிச் டீமை வெளியே அழைத்துக்கொண்டார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. விதி சொல்வது இதுதான்: விசிலுக்குக் காத்திருக்காமல் வேகமாக அடிக்க அணிக்கு உரிமை உண்டு. 9.15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி ரெஃபரி எதிரணி வீரர்களின் சுவரை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டாலோ, அட்டை எடுத்தாலோ விசில் வேண்டும். ரெஃபரி தொடங்கிவிட்டாரா இல்லையா என்பதுதான் சண்டையே. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுவரில் ஒட்டிய முதல் கட்டளை வேலை செய்வதில்லை.

டாக்டிக்ஸ் பேச்சுக்குத் தனிச் சாமான் வைத்திருக்கிறார்கள்: கேரம் பலகை. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது. ஓர் அணிக்குப் பதினொன்று வேண்டும், பக்கத்துக்கு இரண்டு குறைகிறது. அதற்குச் சோடா மூடிகள், ஒன்று கோலி, இன்னொன்று அன்றைக்கு யார் சொதப்புகிறார்களோ அவர். சிவப்புக் காய் பந்து. இடைவேளை 15 நிமிடத்தில் பாதி நேரம் பலகையைச் சுற்றித்தான் கூட்டம். பலகை சதுரம், மைதானம் நீளச் சதுரம் என்பதால் விங்குகள் நிஜத்தைவிட அகலமாகத் தெரியும். அகலத்தை நம்பி யாராவது 'இங்க இடம் கிடக்கு' என்று சொன்னால் பாதியாகக் குறைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகையில் அதிகம் ஓடிய ஆட்டம் 2023 நவம்பர் 6, டாட்டன்ஹாம் – செல்சி. டாட்டன்ஹாமில் இருவர் சிவப்பு வாங்கி வெளியேற, மிச்சம் ஒன்பது பேர். அவர்கள் பக்கத்துக்கு மூடியே வேண்டாம், காய்கள் சரியாக அமையும். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அவர்கள் கோச் போஸ்டெகோக்ளு டிஃபன்ஸ் லைனை நடுக்கோட்டுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்கோர் 75ஆம் நிமிடம் வரை 1-1. கடைசியில் செல்சியின் ஜாக்சன் ஹாட்ரிக், செல்சிக்கு 4-1. இது வீரமா மடத்தனமா என்பதில் கடை இன்னும் இரண்டாகத்தான் நிற்கிறது. பலகையில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: ஒன்பது காயைப் பெட்டிக்குள் அடுக்கினால் வெளியே பந்து எடுக்க ஆளே இருக்காது, கிராஸ் மேல் கிராஸாக வரும். லைனை மேலே வைத்தால் பின்னால் அரை மைதானம் காலி. கோலி ஓடி வந்து துடைக்க வேண்டும். எதில் செத்தால் தேவலை என்ற தேர்வுதான் அது. பாஸ் கொடுப்பவனுக்கு நெருக்கடி கொடுக்க ஆள் இல்லாமல் ஹை லைன் வைக்கக்கூடாது என்பது இந்தக் கடைப் பெரியவர்களின் கட்சி. அதோடு ஒத்துப்போகிறேன்.

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கேரளத்து செவன்ஸ் ஆடிப் பழகியவர்கள் சிலர் வருவார்கள். செவன்ஸில் ஆஃப்சைடே கிடையாது. அதனால் டிஃபன்ஸ் ஏன் ஒரே வரிசையில் ஏறி இறங்குகிறது என்பது அவர்களுக்கு லேசில் பிடிபடாது. ஆனால் இரண்டு பேர் ஒருவனை மடக்குவதைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன இடத்தில் ஆடியவர்களுக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது.

கோச்சுகளைப் பற்றிய பேச்சுதான் கடையின் பலவீனம். மேட்ச் தோற்றால் 'தூக்கு', ஜெயித்தால் 'தெய்வம்'. 2013இல் ஃபெர்குசன் விலகிய பிறகு மொயஸ், வான் கால், மொரின்ஹோ, சோல்ஷார், ரங்னிக், டென் ஹாக், அமோரிம் என்று மான்செஸ்டர் யுனைடெட் பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஆட்கள், அவர்களில் யார் எந்த ஆட்டமுறைக்கு எந்த ஆட்களை வாங்கச் சொன்னார்கள் என்று கேட்டால் சாயா ஆறிவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். நான்கு பேர் டிஃபன்ஸுக்குச் சேர்த்த அணியை மூன்று பேர் டிஃபன்ஸில் ஆட வைத்தால் விங்கில் ஓட ஆள் எங்கிருந்து வருவான் என்ற கேள்விக்கு யாரும் இறங்குவதில்லை. ஒன்றில் மட்டும் சுதாரிப்பு உண்டு: ஆள் மாற்றம். பிரீமியர் லீகில் 2022-23 முதல் ஐந்து பேரை மாற்றலாம், ஆனால் ஆட்டத்தின் நடுவே மூன்று தடவைதான் நிறுத்தலாம், இடைவேளை கணக்கில் சேராது. 60ஆம் நிமிடத்தில் ஒருவன், 65இல் ஒருவன், 70இல் ஒருவன் என்று மூன்று தடவையையும் தீர்த்துவிட்ட கோச்சை இங்கே யாரும் மன்னிப்பதில்லை. அடுத்து யாருக்காவது காலில் பிடித்தால் பத்துப் பேர்தான்.

இனிச் சாதனங்கள். 65 அங்குல டிவி, சுவரில் தலைக்கு மேல். படம் முக்கால்வாசி நேரம் டிடிஎச்சில், ஹெச்டி சேனலில். டிடிஎச்சின் லாபம், இணையத்தில் பார்ப்பதைவிடக் கணிசமாக முந்தி வரும். ஸ்ட்ரீமிங் அரை நிமிடம் வரை பின்தங்கும். பக்கத்து வீட்டுக் கூச்சல் கேட்டுக் கோல் வரப்போகிறதென்று தெரிந்துகொள்ளும் அவஸ்தை இங்கே இல்லை. நஷ்டம், மழை. சீசன் சூடு பிடிக்கிற அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை. கனமழையில் சிக்னல் போய்விடும். உடனே இணையத்துக்கு மாற்றுவார்கள், ஆட்டம் அரை நிமிடம் பின்னால் குதிக்கும், அதற்குள் யார் போனிலாவது 'கோல்' என்று நோட்டிஃபிகேஷன் வந்துவிடும். போனைக் கவிழ்க்கச் சொல்வது இதற்குத்தான். தகர ஷீட்டில் மழை அடிக்கும்போது ஸ்பீக்கர் எவ்வளவு வைத்தாலும் வர்ணனை கேட்காது. அப்போது திரையை மட்டும் நம்ப வேண்டியதுதான்.

மழையில்லாத நாளிலும் படம் சதுரம் சதுரமாக உடைந்தால் உப்புக்காற்றுதான் காரணம். டிஷ்ஷில் கேபிள் சேரும் கனெக்டர் பச்சை பிடித்து, உள்ளே ஈரம் இறங்கிவிடும். இரண்டு அங்குலம் கேபிளை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, கிரீஸ் தடவி, ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றினால் ஒரு சீசன் ஓடும். கடைக்காரர் ஆகஸ்டில் ஒருமுறை செய்கிறார், அதற்கப்புறம் மறந்துவிடுகிறார். ஜனவரியிலும் ஒருமுறை செய்தால் கடைசி மாத ஆட்டங்கள் தெளிவாக இருக்கும்.

கரண்ட் போனால் கவலை இல்லை, பாதிக்குப் பாதி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், இரண்டு மின்விசிறி, லைட் எல்லாம் சேர்த்து 450 வாட் வரும். பேட்டரி காகிதத்தில் 1800 வாட்-மணி. இழப்பும், அடிவரை இறக்கக்கூடாத மிச்சமும் போக 1200 கிடைத்தால் இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஓடும், ஒரு மேட்ச்சுக்குப் போதும். சிக்கல், அடுப்படி மிக்ஸியும் அதே லைனில். கரண்ட் இல்லாத நேரத்தில் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால் இன்வெர்ட்டர் ஓவர்லோடில் அணைந்துவிடும். செட்டாப் பாக்ஸ் திரும்ப உயிர்பெற ஓரிரண்டு நிமிடம். அந்த ஓரிரண்டு நிமிடத்தில்தான் எப்போதும் பெனால்டி.

எங்கே உட்காரலாம்? மூன்றாவது பெஞ்ச், இடதுபக்கம். முதல் பெஞ்சில் கழுத்து வலிக்கும். ஐந்தாவதுக்குப் பின்னால் சட்டை எண்ணும் ஸ்கோர் பெட்டியும் தெரியாது, ஆனால் கிழங்கும் மீன்கறியும் அங்கேதான் முதலில் வரும். மரச்சீனிக் கிழங்கு குழைய வெந்திருக்கும், கறியில் புளி தூக்கல், இரண்டாவது மேட்ச் தொடங்குமுன் தீர்ந்துவிடும். உள்ளே வர டிக்கெட் இல்லை. ஆனால் ஒரு சாயாவோடு இரண்டு மேட்ச் உட்கார்ந்திருந்தால் கடைக்காரர் பெஞ்சைத் துடைக்க ஆரம்பிப்பார், புரிந்துகொள்ளுங்கள். பெண்கள் சகஜமாக வந்து பார்க்கும் இடமாக இது இன்னும் ஆகவில்லை. இந்த ஊர்களில் பெண்களும் ஆட்டம் தெரிந்தவர்கள்தான் என்பதால் இது கடைக்குத்தான் நஷ்டம்.

நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் தவறுவது இதில்தான். இங்கிலாந்தின் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் நமக்கு ராத்திரி 7.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள், அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 8.30. ஞாயிறு பெரிய ஆட்டம் பெரும்பாலும் 9, குளிர்காலத்தில் 10. திங்கள் ராத்திரி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12.30 அல்லது 1.30, அதற்குக் கடை திறப்பதில்லை. ஒரே நேரத்தில் பல ஆட்டம் நடக்கும் 7.30 மணிக்கு உங்கள் அணி டிவியில் வராமல் போகலாம், வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் என்பதால் மூன்றாவது பெஞ்சில் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. லீக் மே கடைசியில் முடிந்து ஆகஸ்ட் நடுவில்தான் தொடங்கும். எல்லாரும் கரையில் இருக்கும் இரண்டு மாதமும் ஆட்டம் கிடையாது, ஆட்டம் தொடங்கும்போது பாதிப் பேர் கடலில். உலகக் கோப்பை வருகிற வருடம் தவிர, ஜூன் ஜூலையில் இந்தப் பக்கம் வந்தால் டிவிக்கு உறை மாட்டியிருக்கும். பலகையில் கேரம்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள்.